சின்னவருக்கு எழுபத்தொன்று

"யாரோட அப்பா?" என்று கேட்டார் டாக்டர்.

"என்னோட அப்பா."

டாக்டர் திரும்பிக் கணினித் திரையைப் பார்த்தார். நோயாளியின் வயது எழுபத்தொன்று என்று அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. டாக்டருக்கு நாற்பதுகூட இருக்காது. வந்த சிரிப்பை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டார்.

"அவருக்கு இப்போ என்ன வயசு இருக்கும்?"

"தொண்ணூத்தி நாலு."

"நல்லா இருக்காரா?"

"அதுதானே டாக்டர் பிரச்சினை," என்று சொல்லிவிட்டு, சின்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கிற வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று டாக்டர் படத்தில் காட்டியபோது, சின்னவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்துநான்கு வருடம் நகரத்தின் குடிநீர் அலுவலகத்தில் வால்வு ஃபிட்டராக இருந்தவர் அவர். தெருக்களுக்கு அடியில் எத்தனை வால்வுகள் உண்டோ அத்தனையையும் ஒரு தடவையாவது கையால் திருகியவர்.

"துருவா, சுண்ணாம்பா?" என்று கேட்டார்.

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "சுண்ணாம்புதான் சார். கால்சியம் படிஞ்சு இறுகியிருக்கு."

"சுண்ணாம்புன்னா சுரண்டிப் பிரயோஜனம் இல்ல. மாத்தித்தான் ஆகணும்."

"நீங்களே சொல்லிட்டீங்க, எனக்கு வேலை மிச்சம். ரெண்டு மாசத்துக்குள்ள பண்ணிடணும். மார்பைத் திறந்து பண்ற ஆபரேஷன். அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணியைக்கூடத் தூக்கக் கூடாது. கூட ஆள் இருக்கணும்."

அந்த இடத்தில்தான் சின்னவர், கொஞ்ச நாள் கழித்துச் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். எவ்வளவு நாள் என்று டாக்டர் கேட்டதற்கு, வீட்டில் அப்பா இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

"இந்த வால்வுக்கு உங்க அப்பாவைத் தெரியாது சார்," என்றார் டாக்டர், ஒரு காகித உறையில் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே. "அது யாருக்காகவும் காத்திருக்காது. இதை இன்னைக்கே ஆரம்பிங்க. நீர் நல்லாப் பிரியும், மூச்சு கொஞ்சம் லேசாகும். ஆனா வால்வைத் திறக்கிற மாத்திரை உலகத்துல கிடையாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதுதான் தொல்லை. எத்தனை அலுவலர்களிடம் அவரே சண்டை போட்டிருக்கிறார்: வால்வு உடைந்து தெருவே ஆறாக ஓடும் நாளுக்குக் காத்திருக்காதீர்கள், நாமாக ஒரு நாளைக் குறித்து மூடி, மாற்றிவிட்டுத் திறப்போம் என்று. இப்போது மூடி மாற்ற வேண்டியது தன்னுடையது என்றவுடன் அந்த ஞாயம் செல்லுபடியாகவில்லை.

*

அவர்கள் குடியிருந்தது ஆறாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் அவர்களுக்குப் பெரியவர், சின்னவர் என்பதுதான் பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. புதிதாகக் குடிவந்தவர்கள் "சின்னவரைக் கேளுங்க, தண்ணிக் குழாய் பத்தி எல்லாம் தெரியும்" என்பதைக் கேட்டு, முப்பது வயது ஆளை எதிர்பார்த்துக் கதவைத் தட்டுவார்கள். நரைத்த தலையோடு ஒருவர் வந்து கதவைத் திறந்ததும், "சின்னவர் இல்லையா?" என்பார்கள். "நான்தான்," என்பார். உள்ளேயிருந்து இன்னொரு குரல், "யாருடா வந்திருக்கா? செருப்புப் போட்டுட்டுத் தரையில நில்லு, சில்லுன்னு இருக்கு" என்று கேட்கும். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியவர் சன்னலோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கடா போன?"

"கண் டாக்டர்கிட்டப்பா."

"மூணு மணி நேரமா? உனக்கு ரெண்டு கண்ணுதானே இருக்கு?"

"கூட்டம்ப்பா."

"முகம் வாடிக் கிடக்கு. காலையில பால் குடிச்சியா இல்லையா?"

குடித்ததாகச் சொன்னார். மூன்று பொய்களோடு சமையலறைக்குப் போனார்.

கூடத்துச் சுவரில் ஒரே ஒரு புகைப்படம். பெரியவரின் அப்பா. கறுத்த மீசை, நெற்றியில் விழும் முடி, கேமராவை நம்பாத கண்கள். நாற்பத்தொரு வயதில் காலில் ஓர் ஆணி குத்தியது. பத்தே நாள். இன்றைக்கு ஒரு ஊசியோடு முடிகிற சமாச்சாரம். பெரியவருக்கு அப்போது பதினொன்று. அவருடைய அம்மா பெற்றது ஏழு, தூக்கிக் கொடுத்தது நாலு. அந்த வீட்டில் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்று யாரும் கிடையாது. பெரியவர்தான் முதலில் தாண்டினார், தாண்டியவர் நிற்கவும் இல்லை. சின்னவரின் மகள் போன மாதம் நாற்பத்துமூன்றை முடித்தாள். பிறந்த நாளன்று அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "பாவம், தாத்தாவோட அப்பா என்னைவிட ரெண்டு வயசு சின்னவர். இனிமே வாடா போடான்னுதான் கூப்பிடணும்" என்றாள். பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஐம்பத்தெட்டில் ஓய்வுபெற்றபோது, தன் கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் பெரியவர் நினைத்தார். பதினொரு பேருக்கு ஒரே பிரியாவிடைக் கடிதம் எழுதி, மேலே பெயர்களை வரிசையாகப் போட்டு, அலமாரியில் வைத்தார். தான் போன பிறகு பிரித்துப் படிப்பதற்கு. முப்பத்தாறு வருடங்களில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தானே அடிக்க வேண்டி வந்தது. தம்பி, தங்கை, நண்பர்கள், மனைவி, பிறகு மருமகளும்கூட. கடைசியில் மகன் பெயர் மட்டும் நின்றது. "ஒரே ஒரு ஆளுக்குச் சொல்றதுக்கு எதுக்குக் கடுதாசி? பக்கத்து அறையிலதானே இருக்கான்" என்று கிழித்து, பின்பக்கத்தில் ரொட்டி, முட்டை, சோப்பு என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

*

மகள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். விடுப்பு நாளில் வந்தவள் சமையலறையில் அப்பா மருத்துவமனைத் தாளை ஒளித்துவைத்திருந்த இடத்தை, சர்க்கரையைத் தேடப் போய்க் கண்டுபிடித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு கூடத்துக்குப் போகாமலிருக்க.

"ரெண்டு மாசம்னு போட்டிருக்கு. தேதி பாத்தா மூணு வாரம் ஓடிடுச்சு. வால்வை எப்போப்பா மாத்திக்கப் போறீங்க?"

"பண்ணிக்கலாம்மா. அவசரம் என்ன?"

"மாடிப்படி ஏறி எவ்வளவு நாளாச்சு?"

"லிஃப்ட் இருக்கும்போது எதுக்கு ஏறணும்?"

"அப்பா. எப்போ?"

"ஒரு ஆறு மாசம், ஒரு வருஷம்... நிலைமையைப் பாத்துட்டு."

"என்ன நிலைமை?"

அவர் ஏற்கெனவே கழுவிய கோப்பையை எடுத்து மறுபடி கழுவினார். அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புரிந்த கணத்தில் அவள் முகம் மாறியது.

"தாத்தாவுக்கு அப்புறமா?"

"மெதுவாப் பேசு."

"அவரு போனதுக்கு அப்புறம் பண்ணிக்கலாம்னு இருக்கீங்களா? ஐயோ, அவரைப் பாத்தீங்களா? நேத்து எனக்கு போன் பண்ணி, தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போடணும்னு அரைமணி நேரம் வாதம் பண்ணாரு. அடுத்த தேர்தலுக்கும் ஆள் பாத்து வெச்சிருக்காரு!"

சின்னவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அவருக்குச் சவரம் பண்ணணும், குளிக்கும்போது பக்கத்துல நிக்கணும், சமைக்கணும். ஆறு வாரம் யாரு செய்வா? நீ பஸ்ஸை நடுரோட்டுல விட்டுட்டு வருவியா?"

"அதுக்கெல்லாம் வழி பண்ணலாம்."

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

"ஒரு வாரம் தரேன்," என்றாள். "அதுக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்வேன். இதுக்குச் சத்தியம் வேணும்னா பண்றேன்."

*

ஆனால் பெரியவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தபால் நிலையத்தில் பழைய சாமான்களைக் கழித்தபோது, கடிதம் பிரிக்கிற மரத்தட்டு ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். சிறிய சிறிய அறைகளாக இருக்கும். இப்போது அது மருந்துத் தட்டு. மேல் வரிசை அவருக்கு, கீழ் வரிசை மகனுக்கு. நாளுக்கு மூன்று அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, ஒரு வாரத்து மாத்திரைகளை இரண்டு பேருக்கும் அவர்தான் பிரித்துப் போடுவார். அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கீழ் வரிசையில் மாத்திரை கூடிக்கொண்டே வருகிறது, மேல் வரிசை அப்படியே இருக்கிறது என்பதில் அவருக்கு லேசான பெருமையும் உண்டு.

மூன்று வாரம் ஒளித்துவைத்து விழுங்கியதில் வேளை தவறவே, சின்னவர் அந்த ஞாயிறு ஒரு புது உறையைக் கீழ் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தார்.

"இது என்னடா?"

"வாயுவுக்குப்பா."

பெரியவர் தலையாட்டினார். மகன் குளிக்கப் போனதும் உறையை சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மருத்துவமனையின் முத்திரை இருந்த இடத்தைச் சின்னவர் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார். முழுவதும் வெட்டவில்லை, ஓரத்தில் கால்வாசி வட்டம் மிச்சமிருந்தது. மழையில் நனைந்தது, மசி அழிந்தது, பாதி ஒட்டிப் பாதி ஒட்டாதது என்று முப்பத்தைந்து வருடம் முத்திரைகளைப் படித்தவருக்கு அந்தக் கால் வட்டம் தாராளம். எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எல்லாம் சொன்னது. கண் பரிசோதனைக்குப் போன அதே தேதி.

தடியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கினார். கட்டடத்தின் தரைத்தளத்திலேயே மருந்துக் கடை. கடைக்காரம்மா அவருக்கு நாற்காலி போட்டாள்.

"என்ன ஐயா, நீங்களே இறங்கி வந்துட்டீங்க?"

"இந்த மாத்திரை எனக்குக் குடுத்திருக்காங்கம்மா. எதுக்குன்னு மறந்துடுச்சு."

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "நீர் மாத்திரை. இருதயம் சரியா இறைக்கலைன்னா உடம்புல நீர் கோக்கும்ல, அதுக்கு. எங்க குடுத்தாங்க?"

"இருதய ஆபரேஷன் பிரிவுல. வால்வு ஏதோ மாத்தணுமாம்." வால்வு என்பதை அவர் துணிந்து சொன்னார். பேத்தி வந்த அன்று சமையலறையில் குழாய் ஓடியபோதே, இந்த வீட்டில் யாரும் தண்ணீரை வீணாக்க மாட்டார்களே என்று நினைத்துக் காதைக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தது. குழாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அப்போது விட்டுவிட்டார்.

கடைக்காரம்மா பதறிப்போனாள். "உங்களுக்கா? இந்த வயசுல மார்பைத் திறக்க மாட்டாங்களே!"

"ஒரு எழுபது வயசு ஆளா இருந்தா?"

"எழுபதா? உடனே பண்ணிடணும் ஐயா. அது ஒண்ணும் வயசே இல்ல இப்போ. எங்க மாமாவுக்கு எழுபத்தாறுல பண்ணாங்க, இப்போ சைக்கிள் ஓட்டுறாரு. தள்ளிப் போடறதுதான் ஆபத்து. ஒரு நாளைக்குப் பொசுக்குன்னு..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

பெரியவர் தண்ணீர் குடித்தார். அந்த நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருமல் மருந்து வாங்க வந்த மூன்று பேரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் சின்னவர் அவருக்குச் சவரம் செய்துவிடுவார். பெரியவர் கழுத்தில் துண்டு கட்டி, முகத்தில் நுரையோடு, சன்னலைப் பார்த்து உட்காருவார். அன்று இடது கன்னம் முடிந்து தாடைக்கு வந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"ஆபரேஷன் எப்போ?"

பிளேடு நின்றது.

"அவ சொன்னாளா?"

"அவ ஏன் சொல்லணும்? நீ வெட்டின முத்திரை சொல்லுச்சு. வெட்டறதைக்கூட ஒழுங்கா வெட்டத் தெரியல. கையை எடு, பிளேடு கழுத்துக்கிட்ட இருக்கு."

சின்னவர் கையை எடுத்துக்கொண்டார்.

"எதுக்குக் காத்துக்கிட்டு இருக்க?"

"ஒண்ணும் இல்லப்பா."

"நான் போகட்டும்னா?"

"அப்படி இல்ல..."

"பின்ன எப்படி? சொல்லு. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

சின்னவர் நாற்காலியின் பின்பக்கம் வந்து நின்றுகொண்டார், முகம் தெரியாமலிருக்க. பெரியவர் சன்னல் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போற மாதிரி தெரியலடா," என்றார் மெதுவாக. "போன மாசம் ரத்தம் எடுத்தாங்கல்ல, முடிவைப் பாத்துட்டு அந்தப் பொண்ணு கைதட்டுனா. உனக்கு நினைவிருக்கா? எனக்கு அப்பவே கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. நான் உனக்காக இருக்கேன்னு இருக்கேன், நீ எனக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்க. லிஃப்ட் வாசல்ல ரெண்டு பேரு, நீங்க போங்க, இல்ல நீங்க போங்கன்னு நின்னுக்கிட்டே இருக்கிற மாதிரி. கடைசியில லிஃப்ட் போயிடும்."

"உங்களை யாருப்பா பாத்துக்குவா?"

"அதுதான் காரணமா?"

நுரை காய ஆரம்பித்திருந்தது.

"இல்லப்பா," என்றார் சின்னவர் கடைசியில். "நூத்துல ரெண்டு பேரு மேசையிலயே போயிடுறாங்களாம். டாக்டரே சொன்னாரு. நான் அந்த ரெண்டுல ஒண்ணா இருந்துட்டா... உங்களுக்கு யாரு வந்து சொல்வா? அதை உங்களுக்குக் காட்ட வேணாம்னு பாத்தேன். நீங்க நிம்மதியாப் போனதுக்கு அப்புறம் என்ன ஆனாலும் சரி."

பெரியவர் துண்டின் நுனியால் வாயைத் துடைத்தார்.

"எங்க அம்மா நாலு பேரைத் தூக்கிக் குடுத்தா. ஒவ்வொரு தடவையும் மறுநாள் எழுந்து அடுப்பு மூட்டுனா. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். அவங்களுக்கு அது பழக்கம். எனக்குப் பழக்கம் இல்லடா. நான் பெத்தது ஒண்ணு, அந்த ஒண்ணும் எழுபத்தொண்ணு வரைக்கும் என் கண்ணு முன்னாடி இருக்கு. தொண்ணூத்தி நாலு வயசுல எனக்கு அதைப் பழக்கிடாத."

சின்னவர் பிளேடைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினார்.

"நூத்துல ரெண்டுன்னா நீ பயப்படற. பண்ணிக்காம இருந்தா நூத்துக்கு எத்தனைன்னு டாக்டர்கிட்டக் கேட்டியா?"

கேட்டிருந்தார். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெரியவருக்கும் கேட்கத் தேவைப்படவில்லை.

"நாளைக்குப் போய்த் தேதி வாங்கு. இப்போ இந்தப் பக்கத்தை முடி. பாதி முகத்தோட உட்கார்ந்திருக்கேன், யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?"

*

தேதி பன்னிரண்டு நாள் தள்ளிக் கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் பெரியவருக்குப் பயிற்சி என்று மகள் அறிவித்தாள்.

விதி எளிது. சின்னவர் சமையலறையில் ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. பெரியவர் தானாக எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பசி வந்தால் தட்டு வரும் என்றே அதுவரை வாழ்ந்தவர், தொண்ணூற்று நாலு வயதில் முதன்முதலாக ஒரு முட்டையை வேகவைத்தார்.

"எவ்வளவு நேரம்டா?"

"எட்டு நிமிஷம்ப்பா."

"இப்போ எவ்வளவு ஆச்சு?"

"ஒண்ணு."

"தண்ணி குதிக்குதே!"

"குதிக்கணும்ப்பா. அது குதிச்சாத்தான் வேகும்."

"சரி, சரி, நீ பேசாத. நீ இங்க இல்ல. ஆஸ்பத்திரியில இருக்க."

ஆஸ்பத்திரியில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டார். பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கச் சன்னலருகே போனார், அங்கே தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார், அடுப்பை மறந்தார். நாற்பது நிமிடம் வெந்த முட்டையை இரண்டு பேரும் பாதிப் பாதி சாப்பிட்டார்கள். "மெல்ல மெல்ல நல்லாத்தான் இருக்கு," என்றார் பெரியவர். நான்காம் நாள் முட்டை சரியாக வந்தது. ஆறாம் நாள் ரொட்டியும் கருகவில்லை. ஏழாம் நாள் தானே சவரம் செய்துகொண்டு மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டார்; பயிற்சியிலிருந்து சவரம் நீக்கப்பட்டது, தாடி வளர்ப்பது என்று முடிவானது.

குளிக்கும் நேரத்துக்கு மருந்துக் கடைக்காரம்மா தன் கணவரை அனுப்புவதாகச் சொன்னாள். மகளின் பேருந்து அந்தக் கட்டடத்தின் முன்னால் நாளுக்கு ஆறு தரம் போகும். ஒவ்வொரு தரமும் அவள் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள்; எல்லாம் சரி என்றால் பெரியவர் சன்னலில் துண்டை ஆட்ட வேண்டும். முதல் நாள் ஒத்திகையில் துண்டு வந்ததும் பேருந்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சில பயணிகள் கையை ஆட்டினார்கள். பெரியவர் பத்து நிமிடம் முன்னதாகவே துண்டோடு தயாராக நிற்க ஆரம்பித்தார்.

முக்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சின்னவருக்கு ஒரு பக்கம் நிம்மதியாகவும் இன்னொரு பக்கம் லேசான வருத்தமாகவும் இருந்தது. நான் இல்லாமல் இவருக்கு ஒன்றும் நடக்காது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தோமே. "நல்லாத்தான் சமாளிக்கிறீங்க," என்றார் ஒருநாள், குறை சொல்வதுபோல.

"உனக்காகத்தான் இத்தனை நாள் எதையும் கத்துக்கல," என்றார் பெரியவர். "உனக்கு ஒரு வேலை வேணும்ல?"

*

மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் இடத்தில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவால் தட்டினாள்.

"மாத்தி எழுதிட்டீங்க. நோயாளி இடத்துல தொண்ணூத்தி நாலு வரணும். பொறுப்பாளர் இடத்துல எழுபத்தொண்ணு."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றார் பெரியவர். "பொறுப்பாளர் நான். உறவு: தகப்பன்."

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அந்தப் படிவத்தைக் காட்டினாள். மகள் கையெழுத்துப் போட்டால் போதுமே என்று தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தாள்.

"அவரே போடட்டும்," என்றார் சின்னவர். "எனக்குப் பள்ளிக்கூடத்துலயும் அவர்தான் போட்டாரு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டது, சன்னலைச் சாத்தினோமா இல்லையா என்பதைப் பற்றி. பிறகு காத்திருக்கும் இடத்தில் ஐந்தரை மணி நேரம். பேத்தி மூன்று தரம் தேநீர் வாங்கிவந்தாள். பெரியவர் மூன்றையும் கையில் பிடித்தபடி ஆறவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த, அம்மாவுக்காக வந்திருந்த ஒருவர், யாருக்கு ஆபரேஷன் என்று பேச்சுக் கொடுத்தார். "பையனுக்கு," என்றார் பெரியவர். அந்த மனிதரின் முகம் இரக்கத்தில் இளகியது. சின்னப் பையன் என்று நினைத்திருப்பார். பெரியவர் திருத்தவில்லை. அந்த இரக்கம் அப்போது அவருக்கு வேண்டியிருந்தது.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். பெரியவர் கையிலிருந்த ஆறிய தேநீரைக் கீழே வைத்தார். பேத்தி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவளுடைய சீருடைச் சட்டையின் பொத்தான் அவர் தோள்துண்டின் நூலில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க யாருக்கும் அவசரமில்லை.

*

ஐந்தாம் நாள் நடக்க வைத்தார்கள். உடற்பயிற்சி கற்றுக்கொடுக்கும் இளைஞன், வார்டு வாசலிலிருந்து தாழ்வாரக் கடைசிச் சன்னல் வரை போய்த் திரும்ப வேண்டும் என்றான். சின்னவர் மார்போடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்திருந்தார், இருமல் வந்தால் தையல் வலிக்காமலிருக்க. ஒரு பக்கம் அந்த இளைஞன். இன்னொரு பக்கம் தடியோடு, பத்து நாள் வெள்ளைத் தாடியோடு, பெரியவர். எதிரில் வந்த ஒரு நர்ஸ் பழக்கதோஷத்தில் பெரியவரின் முழங்கையைப் பிடிக்க வந்தாள்.

"நான் இல்லம்மா. அவன்."

முதல் பத்து அடி நன்றாகப் போனது. "வீட்ல என்ன சாப்பிட்டீங்க?" என்று சின்னவர் கேட்டார். "முட்டை," என்றார் பெரியவர். "நேத்து?" "முட்டை." பதினைந்தாம் அடியில் சின்னவரின் உதட்டோரம் வெளுத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்பது பெரியவருக்குத் தெரியும். நிற்கலாமா என்று அந்த இளைஞன் கேட்டால், வேண்டாம், போகலாம் என்றுதான் மகன் சொல்வான். சின்ன வயதில் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போனவன்.

பெரியவர் சட்டென்று நின்றார். சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உரக்க ஒரு மூச்சு விட்டார்.

"இருடா, இரு. எனக்கு வாங்குது."

"பாத்தீங்களா, இதுக்குத்தான் வர வேணாம்னு சொன்னேன்," என்றார் சின்னவர். அவரும் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலையணை ஏறி இறங்கியது. அந்த இளைஞன் பெரியவருக்காக நாற்காலி தேடி ஓடினான்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியில் துணிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். சின்னவரின் உதட்டுக்கு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. பெரியவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போகலாமாப்பா?" என்றார் சின்னவர்.

"இன்னும் கொஞ்சம் பொறு," என்றார் பெரியவர். "எனக்கு இன்னும் சரியாகல."